கைநாட்டும் மறுப்புச் சீட்டும்

மனிதன் தனக்குச் சொந்தமென்று பாராட்டும் வீடு, நிலம், பொன், பணம் ஆகிய யாவும் பிறரால் பறிக்கத்தக்கவையே. பறிக்கவொண்ணாததாய்க் கடைசியில் மிஞ்சுவது அவனுடைய உடம்பு ஒன்றுதான் என்பார்கள். ஆனால் நமது ஜனங்கள் இந்த மலாய் நாட்டில் குடியேறிய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்த உடம்பின் மேலும் அவர்களுக்குப் பூரண அதிகாரம் இருந்ததாகத் தெரியவில்லை. "உனக்குச் சம்மதமா?" என்று அவர்களைக் கேட்டவர் அரிது. கேட்டதாகக் காகிதத்தில் எழுதி, அதன் கீழ் அவர்களுடைய கட்டைவிரலை மட்டும் அழுத்தி வாங்கிக்கொண்டார்கள்.

உயிர் போவதாயினும் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்று மதத்தின் பேரால் மறுக்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியும், அத்தகைய மறுப்பைப் பிரக்ஞை தவறும் காலத்துக்கென்று முன்னதாகவே எழுதிவைக்கும் மருத்துவ உயிலைப் பற்றியும் ஆராயப் புகுந்த இவ்வியாசத்தை, நாம் அந்தக் கட்டைவிரலிலிருந்தே தொடங்குகிறோம். காரணம் போகப்போக விளங்கும்.

நாம் செய்த பிழை

பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து சிறிது தூரத்தில், முன்பு ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் ஒரு தோட்டத்தில் நாம் கிராணியாயிருக்கிறோம். ஆங்கில வழியில் படித்தவர் என்ற பெயர் இருப்பதால், எந்தக் காகிதம் வந்தாலும் ஜனங்கள் அதை நம்மிடமே கொண்டுவருவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆயுள் முழுவதும் பால் வெட்டிய பெரியவர் ஒருவரை, நீரிழிவினால் கால் புண்பட்டு, ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். துணைக்கு நாமும் போனோம். சம்மதப் பத்திரம் ஒன்றை நீட்டினார்கள். அவசரமென்றார்கள். நாம் அதைப் படிக்கவில்லை. அவருக்குப் படித்துக் காட்டவுமில்லை. விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினோம், அவர் வைத்தார், சாட்சியென்று நாம் கையெழுத்திட்டோம்.

மறுநாள் கண் விழித்தபோது அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. "யாரைக் கேட்டு எடுத்தாங்க?" என்று நம்மைக் கேட்டார். "நீங்கள்தானே கைநாட்டு வைத்தீர்கள், தாத்தா" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மை போகாதிருந்த தம் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் எடுத்தது அவசியமாகவே இருந்திருக்கலாம். அதன் பிறகு அவர் மூன்று வருஷம் உயிரோடிருந்தார். ஆயினும் அவருடைய கேள்விக்கு நாம் சொன்ன பதில் பொய்யென்பது நமக்குத் தெரியும்.

கைநாட்டின் சரித்திரம்

இது நாம் மட்டும் செய்த பிழையன்று. நமது தொழிலுக்கே வயது முதிர்ந்த பிழையாகும். மலாயாவுக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910-ம் ஆண்டில் ஒழிந்தது. அதுவரை எழுத்தறியாத குடியானவன் தான் வாசிக்கவியலாத பாஷையில் எழுதிய ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்துக் கப்பலேறினான். பின்னர் கங்காணி முறை தழைத்தது. 1938-ல் இந்திய சர்க்கார் உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பணத்தில் அனுப்புவதைத் தடுக்கும் வரையில் அதுவே நடந்தது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் கூலிகளை வரிசையாக நிறுத்திச் சோதித்து, அம்மை குத்திக் கப்பலேற்றினார்கள். பினாங்கு வந்தால் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடைக் காவல். தோட்டத்துக்கு வந்தால் டிரெஸரின் மருந்து.

அம்மை குத்தியது தீங்கென்று நாம் சொல்ல வரவில்லை. மாரியாத்தாளின் கோபம் என்று சொல்லிக் குழந்தைகளைச் சாகவிட்ட மூடத்தனத்தைவிட அந்த ஊசி ஆயிரம் மடங்கு மேலானது. ஆனால் "நாம் செய்வது நன்மை, ஆதலால் அவனைக் கேட்க வேண்டியதில்லை" என்னும் எண்ணமும் அந்த ஊசியோடு கூடவே நமது ஜனங்களின் உடம்பில் ஏறிற்று. அதற்குப் பழகியவன் டாக்டர் சொன்னாலும் தலையசைப்பான். பூசாரி சொன்னாலும் தலையசைப்பான்.

இரத்தம் ஏற்றிய கதை

நிற்க. ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றும் வித்தை எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1667-ல் பிரான்சு தேசத்தில் டெனீ என்னும் வைத்தியர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஒரு பையனுக்கு ஏற்றினார். அவன் பிழைத்தான். பின்னர் வேறொருவர் இறக்கவே வழக்கு உண்டாகி, அந்நாட்டில் அம்முறை தடுக்கப்பட்டது. நூற்றைம்பது வருஷங்களுக்குப் பின், லண்டனில் பிரசவ வைத்தியரான ஜேம்ஸ் பிளண்டெல், பிள்ளைப்பேற்றில் இரத்தம் வடிந்து மாளும் பெண்களைக் கண்டு மனம் பொறாமல், மனித இரத்தத்தையே மனிதருக்கு ஏற்ற முனைந்தார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஏன் பிழைத்தனர், ஏன் மாண்டனர் என்பது எவருக்கும் தெரியவில்லை.

1901-ல் வியன்னா நகரத்து கார்ல் லாண்ட்ஸ்டைனர் அந்த மர்மத்தை வெளியாக்கினார். இரத்தத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. ஒவ்வாத வகை கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு உயிருக்கு மோசம் விளையும் என்று காட்டினார். அதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல் உலக யுத்தகாலத்தில், சிட்ரேட் உப்பைச் சேர்த்தால் இரத்தம் உறையாதென்று கண்டனர். 1937-ல் சிக்காகோ நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் பெர்னார்டு பாண்டஸ் என்பவர் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் நிலையத்தை நிறுவி, அதற்கு 'இரத்த வங்கி' என்று பெயரிட்டார். இன்று பிரசவத்திலும், ரஸ்தா விபத்திலும், தலசீமியா என்னும் பரம்பரை நோயிலும் எண்ணற்ற உயிர்கள் இதனால் நிற்கின்றன.

இங்கே நமது வாசகர்கள் மறவாதிருக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. இரத்தத்தின் வகைகளில் எந்த ஜாதியும் இல்லை. பறையன் இரத்தம் பார்ப்பானுக்குச் சேரும். அண்ணன் இரத்தம் தம்பிக்குச் சேராமற்போகும். 1952-ல் பெண்டே என்னும் டாக்டரும் அவருடைய சகாக்களும் பம்பாயில் கண்டறிந்த 'பம்பாய் வகை' இரத்தமுடையவருக்கு, எல்லோருக்கும் கொடுக்கலாமென்று கருதப்படும் 'ஓ' வகையுங்கூட ஒவ்வாது. அவருக்கு வேண்டியவர் தம்மைப்போன்ற மற்றொரு பம்பாய் வகையாரே. அவர் எந்தக் குலத்தில், எந்த மதத்தில் இருப்பார் என்று எவராலும் சொல்லவியலாது. இரத்தத்தின் வகைகளில் ஜாதியில்லை என்பது தெரிந்த காலத்திலேயே, அமெரிக்காவின் செஞ்சிலுவைச் சங்கம் யுத்தகாலத்தில் முதலில் கறுப்பு மக்களின் இரத்தத்தை வாங்க மறுத்தது. 1942 முதல் வாங்கியும் அதைத் தனியே பிரித்து வைத்தது. 1950-ல்தான் அந்தப் பேதத்தை விட்டது. "அவன் இரத்தம் எனக்கு வேண்டாம்" என்ற அந்த மறுப்பு, பிறனை இழிவு செய்யும் மறுப்பு. நாம் இப்போது பேசப்போகும் மறுப்பு வேறு ஜாதியைச் சேர்ந்தது. "எவருடைய இரத்தமும் எனக்கு வேண்டாம்" என்பது அது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

மறுப்பவர்கள் யார்?

1870-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சார்லஸ் டேஸ் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய வேத ஆராய்ச்சிக் கூட்டத்திலிருந்து கிளைத்தவர்கள், 1931-ல் தங்களுக்கு 'யெகோவாவின் சாட்சிகள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய 'காவற்கோபுரம்' பத்திரிகை தமிழிலும் வருகிறது. கொடி வணக்கம், பட்டாளச் சேவகம் முதலியவற்றுக்கு இணங்காமையால் பல தேசங்களில் துன்பப்பட்டவர்கள். சிங்கப்பூரில் 1972-ல் அவர்களுடைய சபையின் பதிவு ரத்தாயிற்று. கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கியபோது, 1986-ல் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் செல்லாதென்று தீர்ப்பளித்தது.

இரத்தத்தை விலக்க வேண்டுமென்று ஆதியாகமத்திலும், லேவியராகமத்திலும், அப்போஸ்தலர் நடபடிகளிலும் வரும் கட்டளைகள் உண்பதைப் பற்றியவை. அவை நரம்பின் வழியே ஏற்றுவதற்கும் பொருந்துமென்று 1945 ஜூலை மாதத்துக் காவற்கோபுரம் அறிவித்தது. 1961 முதல், மனமறிந்து இரத்தம் ஏற்றிக்கொண்டு வருந்தாதவர் சபையிலிருந்து விலக்கப்படுவார் என்றாயிற்று. முழு இரத்தமும், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா ஆகிய அதன் நான்கு பெரும்பகுதிகளும் விலக்கு. அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் சிறு கூறுகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது.

இதிலே பகுத்தறிவுக்குப் பொருந்தாதவற்றைக் காட்டுவது சுலபம். இதே கூட்டத்தார் ஒரு காலத்தில் அம்மை குத்துவதைக் கண்டித்தார்கள். 1952-ல் அது அவரவர் இஷ்டம் என்றார்கள். 1967-ல் உறுப்பு மாற்றுச் சிகிச்சையைப் பாவமென்றார்கள். 1980-ல் அதையும் அவரவர் மனத்துக்கு விட்டார்கள். தலைமை மாறினால் விதி மாறுகிறது. இடையே அந்த விதியின்படி மாண்டவர் மீள்வதில்லை. இந்தக் கேள்விக்கு எந்தச் சபையும் விடை சொல்லியாக வேண்டும்.

ஆனால் நேர்மையாகப் பேசுவோமாயின் மறுபக்கமும் உண்டு. ஹூஸ்டன் நகரத்து டென்டன் கூலி என்னும் இருதய சிகிச்சை நிபுணர், இவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டு, பிறர் இரத்தம் ஏற்றாமலே அறுத்துக் குணப்படுத்த முயன்று, 542 சிகிச்சைகளின் விவரத்தை 1977-ல் தமது சகாவுடன் வெளியிட்டார். முன்கூட்டியே இரும்புச் சத்தைக் கொடுத்து இரத்தத்தைப் பெருக்குதல், சிந்தும் இரத்தத்தை நோயாளிக்கே திருப்புதல் முதலிய முறைகள் வளர இவர்களுடைய பிடிவாதமும் ஒரு காரணம். 1980-களில் எய்ட்ஸ் கிருமி இரத்தத்தின் வழியே பரவியதைக் கண்டு உலகம் நடுங்கியபோது, இரத்தத்தைச் சிக்கனமாகச் செலவிடும் இம்முறைகள் எல்லா மதத்தாருக்கும் பயன்பட்டன.

இரண்டு வழக்குகள்

இனி நாம் முக்கியமென்று கருதும் விஷயத்துக்கு வருவோம். பிரக்ஞையற்றுக் கிடப்பவரின் பையிலிருந்து எடுக்கும் ஒரு சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு?

1979-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மோட்டார் விபத்தில் சிக்கிய ஒரு மாது நினைவின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் கைப்பையில், எந்த நிலையிலும் தமக்கு இரத்தம் ஏற்றலாகாதென்று பிரெஞ்சு பாஷையில் எழுதிய சீட்டு இருந்தது. கையெழுத்து இருந்தது, தேதியும் சாட்சியும் இல்லை. உயிர் போகுமென்று அஞ்சிய டாக்டர் இரத்தம் ஏற்றினார். அந்த மாது பிழைத்தார். பிழைத்தபின் வழக்குத் தொடுத்தார். 'மாலெட் வழக்கு' என்று வழங்கும் இவ்வழக்கில் அவருக்கு 20,000 டாலர் நஷ்டஈடு கிடைத்தது. 1990-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. டாக்டர் தீய எண்ணத்தோடு செய்ததாக எவரும் சொல்லவில்லை. ஆயினும் ஒருவர் உடம்பைப் பற்றிய முடிவு அவருடையதே என்றது கோர்ட்டு.

1992-ல் இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டுக்கு வந்த வழக்கு இதற்கு நேர் எதிர். அதில் நோயாளி இருபது வயதுக் கர்ப்பிணிப் பெண், அவள் யெகோவாவின் சாட்சியல்லள், தாயார் சாட்சி. தாயாருடன் தனித்திருந்த பின் அவள் இரத்தம் வேண்டாமென்றாள். மறுப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதை அவளுக்குப் படித்து விளக்கினார்களில்லை. நிலைமை முற்றியபோது, இரத்தம் ஏற்றலாமென்றது கோர்ட்டு. அறிவுள்ள வயதுவந்தவர் எந்தச் சிகிச்சையையும், சாவு வரினும், மறுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அதே நீதிபதிகள், இந்தப் பெண்ணின் மறுப்பு அவளுடைய சொந்தக் குரலன்று. பிறர் செல்வாக்கில் பிறந்தது. பின்னால் வந்த ஆபத்தை அவள் எண்ணிப் பார்த்து மறுத்ததுமன்று என்று கண்டார்கள்.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நீதி ஒன்றே. வேண்டாமென்று சொல்லும் உரிமை மனிதனுக்கு உண்டு. ஆனால் அதைச் சொன்னவன் அவனேயாக இருக்க வேண்டும். படித்துக் காட்டாத சம்மதம் எவ்வாறு சம்மதமாகாதோ, அவ்வாறே படித்துக் காட்டாத மறுப்பும் மறுப்பாகாது. நமது பெரியவரின் கைநாட்டும் அந்தப் பெண்ணின் கையெழுத்தும் ஒரே இனம்.

குழந்தைகள் விஷயம்

இந்த உரிமையைப் பெற்றோர் தம் குழந்தையின் மேல் செலுத்தலாமா? கூடாது என்பதே நாம் அறிந்தவரையில் நாகரிக தேசங்களின் பொதுத் தீர்ப்பு. தன் உயிரைத் தன் கொள்கைக்குக் கொடுப்பது தியாகமாகலாம். பிள்ளையின் உயிரைக் கொடுப்பது தியாகமாகாது. நமது மலேசியாவிலும் 2001-ம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின்படி, உடனடிச் சிகிச்சை அவசியமென்று டாக்டர் அத்தாட்சி கொடுத்தும் பெற்றோர் நியாயமின்றி மறுத்தால், பாதுகாப்பு அதிகாரி அனுமதி வழங்கலாம்.

எல்லைக்கோட்டில் நிற்பவர் கதைதான் நெஞ்சை அறுக்கிறது. இங்கிலாந்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட பதினைந்து வயதுப் பையனுக்கு, 1990-ல் கோர்ட்டார் அவன் மறுப்பை மீறி இரத்தம் ஏற்ற உத்தரவிட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பியதும் அவன் தன் உரிமைப்படி மறுத்து இறந்தான். அவனைக் காத்த சட்டம் சரியென்றே நாம் கருதுகிறோம். பின்னர் அவனைத் தடுக்காத சட்டமும் சரியே. இரண்டும் சரியாயிருந்தும் துக்கம் குறைவதில்லை.

நம் பக்கத்து நிலை

மருத்துவ உயில் என்பது இரத்தத்தை மறுப்போருக்கு மட்டும் உரியதன்று. தீராத நோயில் கருவிகளால் மூச்சை நீட்ட வேண்டாமென்று எழுதிவைப்பதும் இதிலே அடங்கும். சிங்கப்பூரில் 1996-ல் இதற்கெனச் சட்டம் இயற்றினார்கள். எழுதுபவர் 21 வயது நிரம்பியவராயிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளில் ஒருவர் டாக்டர். எழுதியவர் சாவினால் ஆதாயம் அடைபவர் சாட்சியாகலாகாது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் இத்தகைய உயிலை அங்கீகரித்தது. மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டுமென்ற கடின விதியை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரியோ கெஜட்டு அதிகாரியோ அத்தாட்சி செய்தாற் போதுமென்றது. மலேசியாவில், நோயாளிக்கு அபாயங்களை எடுத்துச் சொல்லவேண்டிய டாக்டரின் கடமையை நமது கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா வழக்கில் வலியுறுத்திற்று. 2013-ல் மலேசிய மருத்துவ மன்றம் வெளியிட்ட நெறிமுறை, இன்ன நிலையில் இன்ன சிகிச்சை வேண்டாமென்று நோயாளி ஐயத்துக்கிடமின்றி எழுதிவைத்திருந்தால் டாக்டர் அதைச் செய்யாதிருக்க வேண்டுமென்கிறது.

ஆனால் 'ஐயத்துக்கிடமின்றி' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நமது தோட்டத்து ஜனங்களின் கதையெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஓர் அம்மாளின் சீட்டு

சில வருஷங்களுக்கு முன், நமது தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் ஆபீசுக்கு வந்தார். கர்ப்பப்பையில் கட்டி, அறுக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் இரத்தத்தை மறுக்கும் மார்க்கத்தைத் தழுவியவர். வெளியூர் உறவுக்காரப் பையன் ஆங்கிலத்தில் பூர்த்தி செய்து கொடுத்த சீட்டை இரண்டு வருஷமாகப் பணப்பையில் வைத்திருந்தாராம். "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க, கிராணி ஐயா" என்றார்.

கைநாட்டு வைத்த பெரியவர் நம் நினைவுக்கு வந்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னோம். உயிருக்கே ஆபத்தென்று டாக்டர் கருதினாலும் இரத்தம் வேண்டாம் என்ற இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தோம். சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

எட்டு நாள் கழித்து வந்தார். நாம் அறிந்த நியாயங்களையெல்லாம் எடுத்துச் சொன்னோம். விதிகள் மாறிய கதையையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "இத்தனை வருஷமா எல்லாத்துக்கும் சரின்னே சொல்லிட்டேன். இது ஒண்ணுக்கு வேண்டாம்னு சொல்றேன். தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றார். இரத்தத்தின் சிறு கூறுகளில் எவையும் வேண்டாமென்று பையன் எழுதியிருந்தான். அவற்றின் விவரத்தைக் கேட்டறிந்து, இரத்தம் உறையச் செய்யும் மருந்தை மட்டும் ஏற்பதாக மாற்றச் சொன்னார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதினார்.

டாக்டர்கள் இரண்டு மாதம் இரும்புச் சத்துக் கொடுத்துத் தேற்றிய பிறகே அறுத்தார்கள். அவர் பிழைத்து வந்தார். வேறுவிதமாக முடிந்திருக்குமாயின் நாம் எழுதிக் கொடுத்த அந்தத் தமிழ் நமக்கு உறக்கம் தந்திருக்குமா என்று கேட்டால், தந்திராது என்பதே உண்மை. ஆனாலும் எழுதிக் கொடுத்தது தவறென்று இன்றும் நமக்குத் தோன்றவில்லை.

வேண்டுகோள்

நாம் இரத்தம் கொடுப்பவர். வேண்டுமானால் ஏற்றுக்கொள்ளவும் சித்தமாயிருப்பவர். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியிலும் பிற இடங்களிலும் நமது வாலிபர்கள் மேன்மேலும் இரத்ததானம் செய்யவேண்டுமென்பதே நமது விருப்பம். மதத்தின் பேரால் மறுப்பவரோடு நமக்குள்ள வாதம் தீர்ந்துவிடவில்லை. அதை அவர் திடமாயிருக்கும்போது திண்ணையில் நடத்துவோம். அவர் நினைவிழந்து கிடக்கும்போது ஊசி முனையில் நடத்துவது வீரமாகாது.

படித்த இளைஞர்களுக்கும் நம்மைப் போன்ற கிராணிமார்களுக்கும் நாம் சொல்வது இதுவே. சம்மதப் பத்திரமானாலும் மறுப்புச் சீட்டானாலும், அதற்குரியவரின் பாஷையில் முழுவதும் படித்துக் காட்டாமல் விரல் வைக்கும் இடத்தைக் காட்டாதீர்கள். யோசிக்க அவகாசம் கொடுங்கள். உறவினரையும் சபைக்காரரையும் சற்று வெளியே நிறுத்திவிட்டு, அவரைத் தனியாகக் கேளுங்கள். தேதியிடுங்கள், ஆதாயமில்லாதவரைச் சாட்சியாக்குங்கள், மனம் மாறினால் கிழித்தெறியலாமென்பதையும் சொல்லுங்கள். அதன் பிறகும் ஒருவர் வேண்டாமென்றால், அவருடைய கையெழுத்துக்குக் கீழே நமது கையெழுத்தைக் கூச்சமின்றிப் போடலாம்.